மண்ணில் எழுந்த இல்லங்கள்: மதீனாவிலிருந்து குர்னா வரை



சென்ற கோடையில் எம் மதரஸாவில் ஓதும் மாணவன் ஒருவனின் தந்தை என்னைக் காண வந்தார். மூன்றாண்டுகளுக்கு முன் ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டு வீடு கட்டியவர் அவர். கையிருப்புப் போதாமல் வட்டிக்குக் கடன் வாங்கிவிட்டார். இப்பொழுது மாதவருவாயில் பெரும்பகுதி தவணைக்கே போகிறது. வீட்டுக்குள்ளோ இரவு பன்னிரண்டு மணி வரை அனல் அடங்குவதில்லை. குழந்தைகள் மொட்டை மாடியில் படுக்கிறார்கள். குளிர்சாதனம் வாங்க வேண்டுமென்று வீட்டார் கேட்கிறார்கள், அதற்கும் தவணைதான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவர் கேட்டார்: “ஹஜ்ரத், தலைக்கு மேல ஒரு கூரை வேணும்னு நினைச்சது தப்பா?”

வட்டியைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் கேட்டது அதுவன்று. ஓர் எளிய மனிதன் கடனில் மூழ்காமல், வெந்து போகாமல் வாழ ஒரு வீடு ஏன் இயலாமற் போயிற்று என்பதே அவர் கேள்வி. அன்று எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. பின்னர் வரலாற்றில் தேடியபோது கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

மதீனாவின் முதற் கட்டடம்

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்ததும் எழுப்பிய பள்ளிவாசல் எதனால் கட்டப்பட்டது என்பதை ஸஹீஹுல் புகாரி நமக்குத் தெளிவாகச் சொல்கிறது. சுவர்கள் ‘லபின்’ எனப்படும், வெயிலில் உலர்த்திய பச்சைச் செங்கற்கள். தூண்கள் பேரீச்ச மரத்தண்டுகள். கூரை பேரீச்ச மட்டைகள். சூளையில் சுட்ட கல் ஒன்றுகூட இல்லை. தொலைவிலிருந்து வரவழைத்த பொருள் ஏதும் இல்லை. காலடியில் கிடந்த மண்ணும் தோட்டத்தில் நின்ற மரமுமே பள்ளிவாசலாயின. தோழர்கள் ஆளுக்கொரு கல்லாகச் சுமந்தனர். அம்மார் (ரலி) அவர்கள் இரண்டிரண்டாகச் சுமந்தார்கள். நபியவர்களும் தம் திருக்கரத்தால் கல் சுமந்தார்கள்.

பள்ளிவாசலை ஒட்டி அன்னையர்க்கென அமைந்த அறைகளும் இவ்வாறே எழுந்தவை. உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில், இளமைப் பருவத்தில் அவ்வறைகளுக்குள் சென்றதை ஹஸன் பஸரீ (ரஹ்) நினைவுகூர்ந்துள்ளார்கள். கையை உயர்த்தினால் கூரையைத் தொட்டுவிடலாம் என்பது அவர்களின் சாட்சியம்.

அபூபக்ர் (ரலி) பள்ளிவாசலில் எதையும் கூட்டவில்லை. உமர் (ரலி) விரிவாக்கினார்கள். ஆனால் அதே பச்சைச் செங்கல், அதே மட்டைக் கூரை. உஸ்மான் (ரலி) செதுக்கிய கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் தேக்குக் கூரையும் கொண்டு புதுப்பித்தார்கள். தேவை வளர்ந்தபோது பொருள் மாறியது. எனவே மண்ணால் மட்டுமே கட்ட வேண்டும் என்று இவ்வரலாறு கூறவில்லை. கல்லோ தேக்கோ ஹராம் என்று எவரும் சொன்னதில்லை.

ஆயினும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. உமையா கலீஃபா வலீத் பின் அப்துல் மலிக்கின் காலத்தில் பள்ளிவாசலைப் பெரிதாக்க அன்னையரின் அறைகள் இடிக்கப்பட்டபோது மதீனா மக்கள் அழுதார்கள் என்று இப்னு ஸஅத் பதிவு செய்கிறார். தாபியீன்களில் தலைசிறந்தவரான ஸயீத் பின் முஸய்யிப் (ரஹ்) அவர்கள், அந்த அறைகளை அப்படியே விட்டிருக்கலாகாதா என்று ஏங்கினார்கள். எவ்வளவு கொண்டு நபியவர்கள் மனநிறைவு கொண்டார்கள் என்பதைப் பின்வருவோர் கண்ணால் கண்டு, பெருமையடிப்பதைக் குறைத்துக்கொள்வார்களே என்பது அவர்களின் ஆதங்கம்.

கூஃபாவில் ஒரு வீட்டுவசதிக் கொள்கை

ஹிஜ்ரி 17ஆம் ஆண்டில் கூஃபா நகரம் உருவானது. அங்கே குடியேறியவர்கள் முதலில் நாணல் குடிசைகளே போட்டார்கள். தீ விபத்தில் குடிசைகள் எரிந்து போகவே, பச்சைச் செங்கல்லால் கட்டிக்கொள்ளலாமா என்று கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் அனுமதி கேட்டார்கள். அனுமதி வந்தது, நிபந்தனைகளோடு: ஒருவருக்கு மூன்று அறைகளுக்கு மேல் வேண்டாம்; உயரத்தில் ஒருவரையொருவர் விஞ்ச முனைய வேண்டாம். தபரீயின் வரலாற்று நூல் இதனைக் குறிப்பிடுவதோடு, அந்நகரின் தெருக்களுக்கு 40, 30, 20 முழம் என்றும் சந்துகளுக்கு 7 முழம் என்றும் அகலம் வகுக்கப்பட்டதையும் சொல்கிறது.

இதனைக் கூர்ந்து நோக்குங்கள். எரியாத பொருள், போதுமான அளவு, அண்டை வீட்டாரின் காற்றையும் வெளிச்சத்தையும் மறைக்காத உயரம், நடமாட இடம். மலிவான, நிலைத்த வீடு பற்றி இன்றைய வல்லுநர்கள் பேசுவனவற்றில் பாதி அந்த ஒரு கடிதத்தில் அடங்கியிருக்கிறது.

அலெக்ஸாந்திரியாவில் பிறந்த ஒரு பொறியாளர்

இனிச் சற்றேறக்குறைய பதின்மூன்று நூற்றாண்டுகளைத் தாண்டி எகிப்துக்கு வருவோம். 1900ஆம் ஆண்டு அலெக்ஸாந்திரியா நகரில், நிலபுலன் மிக்க குடும்பத்தில் பிறந்தவர் ஹஸன் ஃபத்ஹி. தந்தைக்குக் கிராமம் என்றால் ஈக்களும் கொசுக்களும் நோயும் மட்டுமே. ஆகவே தம் குடும்பத்து வயல்வெளியில் ஹஸன் கால் வைத்ததே 27ஆம் வயதில்தான். அங்கே உழவர்கள் வாழ்ந்த இழிநிலையைக் கண்டு அதிர்ந்தார். கட்டடக்கலை பயின்றிருந்த அவருக்கு, அவ்வுழவர்களுக்கு நல்ல வீடு தருவதே வாழ்நாள் வேலையாயிற்று.

அவருடைய கணக்கு எளியது. சிமெண்ட்டும் இரும்பும் மரமும் விலை கொடுத்து வாங்க வேண்டியவை. உழவனிடம் அந்த விலை இல்லை. அவனிடம் இருப்பது மண், அதுவோ இலவசம். நைல் நதி வண்டலோடு மணலும் வைக்கோலும் கலந்து மிதித்து, அச்சில் வார்த்து, வெயிலில் உலர்த்தினால் சுவர் தயார். ஃபிர்அவ்ன்களின் காலம் தொட்டு எகிப்தியர் செய்து வந்தது அது.

சிக்கல் கூரையில் இருந்தது. சுவர் மண்ணாக இருக்கலாம்; கூரைக்கு மரம் வேண்டுமே! எகிப்தில் கட்டட மரம் அரிது. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் மர இறக்குமதியும் இரும்பும் தடைபட்டன. மண்கல்லாலேயே வளைகூரை அமைத்துவிடலாமென்று ஃபத்ஹி துணிந்தார். முறை தெரியாமல் கட்டிய அக்கூரை இடிந்து விழுந்தது.

நூபியக் கொத்தனார்கள்

அஸ்வான் பகுதியில் பணியாற்றிய அவருடைய சகோதரர் ஒரு செய்தி சொன்னார்: நூபியர்கள் தம் வீடுகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் முட்டுக் கொடுக்காமலேயே மண்கல் வளைகூரை போடுகிறார்கள். 1941இல் ஃபத்ஹி அஸ்வானுக்குப் போனார். மேற்குக் கரைக் கிராமத்தில் வெள்ளையடித்த தூய வீடுகள் வரிசையாக நின்றன. பல்கலைக்கழகத்தில் அவருக்கு எவரும் கற்றுத்தராத விடை அங்கே ஏழைகளின் தலைக்கு மேல் இருந்தது.

முறை இதுதான். அறையின் ஒரு முனைச் சுவரை மட்டும் உயரமாக எழுப்புவார்கள். அதன் மேல் ஈரமண்ணால், அளவுகோல் ஏதுமின்றிக் கண்மதிப்பாலேயே ஒரு வளைவை அப்புவார்கள். முதல் வரிசைக் கற்களை அந்த வளைவின் மேல் சாய்த்து ஒட்டுவார்கள். அடுத்த வரிசை முதல் வரிசையின் மேல் சாயும். அதற்கடுத்தது அதன் மேல். ஒவ்வொரு வரிசையும் முந்தியதன் தோளில் சாய்ந்து நிற்பதால் கீழே மரச்சாரம் தேவைப்படுவதில்லை. கூரைக்கான கல் மெலிதாக, வைக்கோல் மிகுதியாகக் கலந்து இலேசாக வார்க்கப்பட்டிருக்கும்; சேற்றோடு கவ்விப் பிடிக்க அதன் முகத்தில் விரலால் கீறல்கள் இழுத்திருப்பார்கள். மண்கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. அவர்கள் அப்பும் அந்த வளைவிலோ முற்றிலும் அழுத்தமே உண்டு. கணிதம் எழுதத் தெரியாத கைகளில் அந்தக் கணிதம் இருந்தது.

லக்ஸரின் ரமேஸியம் கோயிலை ஒட்டிய தானியக் களஞ்சியங்களையும் ஃபத்ஹி பார்த்தார். அதே முறையில் கட்டிய மண்கல் வளைவுகள் 3000 ஆண்டுகளுக்கும் மேலாக நின்றுகொண்டிருந்தன. மண் நிலைக்காது என்ற வாதம் அங்கேயே முடிந்தது.

புதிய குர்னா

லக்ஸரின் மேற்குக் கரையில், பண்டைப் பிரபுக்களின் கல்லறைகள் மீது அமைந்திருந்தது குர்னா என்னும் ஊர். சுமார் 7000 பேர் அங்கே வாழ்ந்தனர். கல்லறைப் பொருட்களைத் தோண்டி விற்பது அவ்வூரில் பலருக்குத் தொழிலாக இருந்தது. கல்லறை ஒன்றிலிருந்து பாறைச் சிற்பமே வெட்டி எடுக்கப்பட்டு அவமானம் நேரவே, ஊரையே வேறிடத்துக்கு மாற்ற எகிப்தியத் தொல்பொருள் துறை முடிவு செய்தது. புதிய ஊரைக் கட்டும் பொறுப்பு 1945இல் ஃபத்ஹியிடம் வந்தது.

ஒரே அச்சில் வார்த்த வரிசை வீடுகளை அவர் மறுத்தார். பத்து இருபது குடும்பங்கள் சேர்ந்த ‘பதனா’ எனும் உறவுக் குழுவுக்கு ஒரு பொது முற்றம். அதைச் சுற்றி வீடுகள். ஒவ்வொரு குடும்பத்தின் அளவுக்கும் தொழிலுக்கும் ஏற்ப வேறுபட்ட அமைப்பு. பள்ளிவாசல், சந்தை, பள்ளிக்கூடம், கைத்தொழிலுக்கான கான் எனப்படும் கூடம் ஆகியவையும் எழுந்தன. நூபியக் கொத்தனார்கள் ஊர் இளைஞர்களுக்குத் தொழில் கற்பித்தனர். பணம் கொடுத்து வாங்கிய கட்டடம் ஊரை ஏழையாக்கும். கற்றுக்கொண்டு கட்டிய கட்டடம் ஊருக்கு ஒரு தொழிலையும் விட்டுச் செல்லும் என்பது அவருடைய எண்ணம்.

காற்றைப் பிடிக்கும் கலை

அவ்வீடுகளில் மின்விசிறி இல்லை. மாறாக, கெய்ரோவின் பழைய மாளிகைகளில் முஸ்லிம் கட்டடக் கலைஞர்கள் பல நூற்றாண்டுகளாகக் கையாண்ட உத்திகளை ஃபத்ஹி ஆராய்ந்து எடுத்துக்கொண்டார். ‘மல்கஃப்’ என்பது கூரைக்கு மேல் நீண்டு, குளிர்ந்த காற்று வரும் திசை நோக்கி வாய் திறந்திருக்கும் காற்றுப்போக்கி. மேலே புழுதியற்று வீசும் காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்கும். சூடான காற்று நடுக்கூடத்தின் உயர்ந்த மாடத்துத் துளைகள் வழியே வெளியேறும். ‘மஷ்ரபிய்யா’ என்னும் மரச்சல்லடைச் சாளரம் வெயிலின் கூச்சத்தைத் தடுத்துக் காற்றை விடும். உள்ளிருப்போர் வெளியே பார்க்கலாம், வெளியிலிருப்போர் உள்ளே பார்க்க முடியாது. குடிநீர்ப் பானைகளை அங்கே வைத்து ஆறவிடும் வழக்கத்தால் அப்பெயர் வந்தது என்பர். ஹிஜாபும் காற்றோட்டமும் ஒரே சாளரத்தில்!

1964இல் கெய்ரோவின் கட்டட ஆய்வு மையத்தில் ஒரு சோதனை நடந்தது. 50 சென்டிமீட்டர் தடிப்புள்ள மண்கல் சுவரும் வளைகூரையும் கொண்ட ஒரு மாதிரி வீடு. 10 சென்டிமீட்டர் கான்கிரீட் பலகைகளால் ஆன மற்றொன்று. மார்ச் மாதத்தின் ஒரு முழு நாள் அளந்தபோது மண்வீட்டினுள் வெப்பம் 21 முதல் 23 டிகிரி செல்சியஸுக்குள் நின்றது. கான்கிரீட் வீட்டினுள் 36 டிகிரி வரை ஏறியது. வெளிக்காற்றை விட 9 டிகிரி அதிகம். தவணை கட்டி, வெளியே இருப்பதைவிடச் சூடான ஓரிடத்துக்குள் நாம் குடியேறுகிறோம் என்றுதானே இதற்குப் பொருள்?

ஏன் நிறைவேறவில்லை?

இங்கே கதையை நிறுத்தினால் அது பாதி உண்மையாகிவிடும். புதிய குர்னா முழுமை பெறவில்லை. ஒரு பகுதி மட்டும் கட்டப்பட்ட நிலையில் 1940களின் இறுதியில் பணி நின்றது. அரசு அலுவலகக் கோப்புகளின் மந்தம் ஒரு காரணம். ஊராரே குடிபெயர மறுத்தது பெருங்காரணம். பழைய ஊரில்தான் அவர்களின் பிழைப்பு இருந்தது. புது ஊரைக் காத்து நின்ற கரையை வெட்டி, கட்டுமான இடத்துக்குள் வெள்ளத்தைத் திருப்பிவிடும் அளவுக்கு எதிர்ப்பு முற்றியது. குவிமாடம் என்றால் அம்மக்களுக்கு அடக்கத்தலமே நினைவுக்கு வரும். உயிரோடு அதன் கீழ் குடியிருப்பதா என்று தயங்கியவர்களும் இருந்தனர் என்பார்கள். பிற்காலத்தில் நிலத்தடி நீரும் உப்பும் ஏறிச் சுவர்களை அரித்தன. உறுதிக்காகவும் மதிப்புக்காகவும் பலர் மண்வீட்டை இடித்துக் கான்கிரீட் எழுப்பினர். 2010இல் உலக நினைவுச் சின்னங்கள் நிதியம் ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் புதிய குர்னாவைச் சேர்த்தது. பள்ளிவாசலில் இன்றும் தொழுகை நடைபெறுகிறது.

தம் தோல்வியை ஃபத்ஹி மறைக்கவில்லை. 1969இல் கெய்ரோவில் அவர் வெளியிட்ட நூல், 1973இல் ‘ஏழைகளுக்கான கட்டடக்கலை’ என்ற பொருள்படும் தலைப்பில் சிகாகோவில் மறுபதிப்பாகி உலகமெங்கும் சென்றது. அதில் அவர் ஒப்புக்கொள்ளும் ஒரு குறை என் மனத்தில் தைத்தது: ஊர்ப் பெண்களிடம் கருத்துக் கேட்க அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. நாள் முழுதும் அடுப்படியில் நிற்பவர் யார்? பிள்ளையை உறங்க வைப்பவர் யார்? அவர்களைக் கேளாமல் கட்டிய வீடு எப்படி நிறைவான வீடாகும்? கட்டியவரின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால் ஊரை மாற்றும் முடிவு ஊராரைக் கேட்டு எடுக்கப்பட்டதன்று. மஷ்வரா இல்லாத இடத்தில் நல்ல திட்டமும் வேரூன்றுவதில்லை.

இன்னொரு கசப்பும் உண்டு. மண்வீடு ஏழைக்கு ‘ஏழ்மையின் அடையாளம்’ ஆயிற்று. வசதி படைத்தவர்களுக்கோ அது அழகிய ஓய்வில்லம் ஆயிற்று. ஃபத்ஹிக்கு வீடு கட்டித் தரச் சொன்னவர்களில் அத்தகையோர் பலர்.

ஆயினும் வித்து வீண் போகவில்லை. 1980இல் ஆகாகான் கட்டடக்கலை விருதுக் குழுவின் தலைவர் விருது அவருக்கு முதன்முதலாக வழங்கப்பட்டது. அதே ஆண்டில் நூபியக் கொத்தனார்களோடு அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் சென்று, அபிக்யூ என்னுமிடத்தில் ‘தாருல் இஸ்லாம்’ பள்ளிவாசலை மண்கல்லால் எழுப்பினார். அதனோடு ஒரு மதரஸாவும் உண்டு. அந்நாட்டில் மண்கல்லுக்கு வழங்கும் ‘அடோபி’ என்ற சொல்லே ‘தூப்’ என்ற அரபுச் சொல் ஸ்பெயின் வழியாகக் கடல் கடந்து போனதுதான். சொல் முன்னே போயிற்று. கொத்தனார் பின்னே போனார். 1989இல் ஃபத்ஹி இறையடி சேர்ந்தார்.

நம் மண்ணில்

நூபிய வளைகூரை நம்மருகிலும் உள்ளது. ஆரோவில் புவி நிறுவனம் அம்முறையைப் பல்லாண்டுகளாகக் கற்பித்து வருகிறது. சுமார் 5 விழுக்காடு சிமெண்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்திய மண்கற்களை அங்கே பயன்படுத்துகிறார்கள். சூளை வேண்டாம், விறகும் வேண்டாம். கேரளத்தில் லாரி பேக்கர், செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுவருக்குள் வெற்றிடம் விடும் ‘எலிப்பொறிக் கட்டு’ முறையைப் பரப்பினார். ஏறத்தாழ நான்கிலொரு பங்கு செங்கல் மிச்சம், உள்ளே வெப்பமும் குறைவு. தளத்தின் அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட்டைக் குறைக்கும் முறையையும் அவர் கையாண்டார்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். எகிப்து வறண்ட நாடு. பகல் கொதிக்கும், இரவு குளிரும். அங்கே தடித்த மண்சுவர் பகல் வெப்பத்தைத் தாங்கி நின்று இரவில் விட்டுவிடும். நம் கடலோர ஊர்களில் இரவிலும் புழுக்கம். இங்கே சுவரின் தடிப்பை விட நிழலும் குறுக்குக் காற்றோட்டமுமே முதன்மை. மழை நமக்கு மிகுதி. சுவரை விட்டு நன்கு நீண்ட இறவாரமும் உயர்ந்த அடித்தளமும் இல்லாத மண்வீடு நிலைக்காது. ஆகவே குர்னாவின் வடிவத்தைப் பெயர்த்து இங்கே நடுவது அறிவன்று. குர்னாவின் கேள்வியை இங்கே கேட்பதே அறிவு: இந்த ஊரின் வெயில் எங்கிருந்து வருகிறது? காற்று எங்கிருந்து வருகிறது? காலடியில் என்ன பொருள் கிடைக்கிறது? எந்தக் கை அதை அறியும்?

நம் முன்னோர் அக்கேள்வியைக் கேட்டவர்களே. முற்றமும் திண்ணையும் ஓட்டுச் சரிவும், மரச்சட்டங்களின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் குத்தி வைத்த மெட்ராஸ் டெரஸும் அதற்கான விடைகளே. எம் மதரஸாவின் பழைய கூடமும் அப்படிப்பட்டதுதான். அதை இடித்துப் புதுக்கூடம் எழுப்பியபோது நானும் கைதட்டியவர்களில் ஒருவன். இன்று லுஹருக்குப் பின் மாணவர்கள் ஓதும் அட்டையாலேயே விசிறிக்கொண்டு ஓதுகையில் என் கண் தாழ்கிறது.

‘மஸ்கன்’ என்றால் இல்லம். ‘ஸகீனத்’ என்றால் அமைதி. ‘மிஸ்கீன்’ என்றால் வறியவன். அரபு அகராதிகள் இம்மூன்றையும் ஒரே வேரின் கீழ் வைக்கின்றன. வீடுகளை அமைதிக்குரிய இடமாக்கியதை அல்லாஹ் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக அந்நஹ்ல் அத்தியாயத்தில் எண்ணிக் காட்டுகிறான். வறியவனுக்கு அமைதி தராத இல்லம் அப்பெயருக்கு உரியதாகுமா?

அந்தத் தந்தையை மறுபடி சந்தித்தேன். கூரை வேண்டுமென்று நினைத்தது தவறன்று என்றேன். அந்தக் கூரை எப்படி இருக்க வேண்டும் என்பதை நாம் ஊராகச் சேர்ந்து சிந்திக்கத் தவறியதே தவறு. அதில் என் பங்கும் உண்டு என்றேன். இப்போதைக்கு மாடித்தளத்தில் சுண்ணாம்பு அடித்து வெண்மையாக்கியிருக்கிறார். மேற்குச் சுவரோரம் பந்தல் போட்டுக் கொடி ஏற்றியிருக்கிறார். சற்றுத் தேவலை என்கிறார். கடன்சுமை அப்படியே இருக்கிறது. அதற்கு ஜமாஅத்தின் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடனாக உதவ இயலுமா என்று நிர்வாகிகளிடம் கேட்டிருக்கிறேன்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் ஆண்டுதோறும் சில வீடுகளாவது கட்டப்படுகின்றன. அடுத்த வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுமுன், அந்த வீட்டுப் பெண்களையும் ஊர் மூத்த கொத்தனாரையும் ஒரு முறை உட்கார வைத்துக் கேளுங்கள். செலவில்லாத மஷ்வரா அது.

யா அல்லாஹ்! எங்கள் இல்லங்களில் ஸகீனத்தை இறக்குவாயாக! கடன்பட்டோரின் கடனை அடைக்க வழி திறப்பாயாக! வீடற்றோருக்குப் போதுமான நிழலை அருள்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.